பணம் கட்டிப் பெற்ற ஆலோசனையும் பள்ளி ஆசிரியையின் வழிகாட்டலும்: இரு பிள்ளைகளுக்கு இரு வழிகள்

என் மகன் 2022-லும் மகள் 2023-லும் பத்தாம் வகுப்பை முடித்தார்கள். இருவரும் ஒரே அரசு மேல்நிலைப் பள்ளியில்தான் ஆறாம் வகுப்பு முதல் படித்தார்கள். பதினொன்றில் எந்தப் பாடப்பிரிவு, அதன் பின் எந்தப் படிப்பு என்ற கேள்விக்கு மகன் விஷயத்தில் மதுரையிலுள்ள ஒரு தனியார் ஆலோசனை மையத்தை நாடினோம். மகள் விஷயத்தில் பள்ளியில் உயர்கல்வி வழிகாட்டிப் பொறுப்பில் இருந்த ஆசிரியையையே நம்பினோம். ஒட்டன்சத்திரத்தில் எங்கள் தெருவில் இவ்வாண்டும் மூன்று குடும்பங்கள் இதே கேள்வியோடு நிற்பதால், இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயன்படும் என்று எழுதுகிறேன். இரண்டாவது வழியின் பக்கம்தான் நான் சாய்கிறேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவதாகக் கல்விக் கண்காட்சிகள் இருக்கின்றன. ஏப்ரல், மே மாதங்களில் பெரிய ஊர்களில் நடக்கும் இவற்றுக்கு இரண்டு முறை போயிருக்கிறோம். கல்லூரிகளின் கட்டண விவரத்தை ஒரே நாளில் ஒப்பிட்டுப் பார்க்க அவை உதவும். ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த பிள்ளைகளுக்காக நடத்தப்படுவதால், பாடப்பிரிவு என்ற முதல் முடிவுக்கு அங்கே பதில் கிடைப்பதில்லை. உறவினர் சொல்லும் யோசனையைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை. அது எல்லா வீடுகளிலும் உண்டு.

தனியார் மையத்தில் நாங்கள் கட்டியது 7,000 ரூபாய். மகன் ஒன்றரை மணி நேரம் கணினியில் நாட்டமறித் தேர்வு எழுதினான். பத்து நாள் கழித்து 28 பக்க அறிக்கையைக் கையில் கொடுத்து, எங்கள் மூவரையும் உட்கார வைத்து முக்கால் மணி நேரம் பேசினார்கள். அமெரிக்க உளவியலாளர் ஜான் ஹாலண்ட் வகுத்த முறைப்படி, செயல், ஆய்வு, கலை, சேவை, முனைவு, ஒழுங்கு என்ற ஆறு நாட்டங்களில் மகனுக்கு எவை மேலோங்கியுள்ளன என்று அறிக்கை காட்டியது. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பொருள்களைப் பிரித்துப் பார்ப்பதும் வரைவதும் தனக்குப் பிடிக்கும் என்று அவன் எங்கள் முன்னால் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான். மருத்துவம் படிக்க வேண்டும் என்று நாங்கள் கொடுத்துவந்த நெருக்கடியும் அன்றோடு நின்றது. அதே மையத்தில் விரல் ரேகையைப் பதிந்து அறிவுத்திறனைக் கணிப்பதாகச் சொல்லி மேலும் 4,000 ரூபாய் கேட்டபோது மறுத்துவிட்டோம். விரல் ரேகைக்கும் தொழில் நாட்டத்துக்கும் தொடர்பு உண்டு என்பதற்கு அறிவியல் ஆதாரம் எதுவும் இல்லை. யார் கேட்டாலும் அதற்குப் பணம் கொடுக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் இரண்டு பரிந்துரைகள் இருந்தன. ஒன்று, கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்த பிரிவில் சேர்வது. மற்றொன்று, நுழைவுத் தேர்வுப் பயிற்சியும் தரும் தனியார் பள்ளிக்கு மாறுவது. இரண்டையும் அப்படியே செய்தோம். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தொடர்ந்து படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020-லும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளில் 2021-லும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்துவிட்டது. அவ்வொதுக்கீட்டில் பொறியியலில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஐந்து ஆண்டுகள் அரசுப் பள்ளியில் படித்துவிட்டுப் பதினொன்றில் வெளியேறினால் இது முழுவதும் போய்விடும் என்பதை அந்த முக்கால் மணி நேரத்தில் யாரும் சொல்லவில்லை. எங்களுக்கும் தெரிந்திருக்கவில்லை. அந்த மையத்தின் தேர்வு நாட்டத்தை அளக்கிறது. பிள்ளை எந்தப் பள்ளியில் எத்தனை ஆண்டு படித்தான், குடும்பத்தில் பட்டதாரி உண்டா, சாதிச் சான்றிதழ் கையில் இருக்கிறதா என்று அது கேட்பதில்லை. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வியில் சேரும் மாணவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில்தான் தொடங்கியது. அதையும் மகன் இழந்தான் என்றாலும், 2022-ல் யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாத ஒன்று என்பதால் அந்தக் குறையை மையத்தின் மேல் சுமத்த மாட்டேன்.

மகளின் கதை வேறு விதமாக அமைந்தது. 2022 மார்ச் 1 அன்று ‘நான் முதல்வன்’ திட்டம் தொடங்கப்பட்ட பின், அரசுப் பள்ளிகளில் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை உயர்கல்வி வழிகாட்டலுக்கென்று ஓர் ஆசிரியரைப் பொறுப்பாக்கினார்கள். எங்கள் பள்ளியில் அந்தப் பொறுப்பு வேதியியல் முதுகலை ஆசிரியை ஒருவரிடம் வந்தது. அவரிடம் கணினித் தேர்வும் இல்லை, 28 பக்க அறிக்கையும் இல்லை. ஒரு நீள நோட்டு இருந்தது. அதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம்.

பத்தாம் வகுப்பு முடிந்ததும் மகள் கால்நடை மருத்துவம் படிக்க வேண்டும் என்றாள். எங்கள் வீட்டில் நான்கு மாடுகள் இருப்பதால் அந்த ஆசை எங்களுக்கு வியப்பாக இல்லை. நீட் எழுத வேண்டுமே என்று நான் தயங்கியபோது, தமிழ்நாட்டில் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே போதும், நீட் தேவையில்லை என்று ஆசிரியை விளக்கினார். தேனியிலும் உடுமலைப்பேட்டையிலும்கூடக் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருப்பதைச் சொன்னார். அதைவிட முக்கியமானது அவர் அடுத்துச் சொன்னது. கணிதம் இல்லாமல், தாவரவியலும் விலங்கியலும் தனித்தனியாக உள்ள ‘பியூர் சயின்ஸ்’ பிரிவை மகள் கேட்டாள். இயற்பியல், வேதியியல், உயிரியலோடு கணிதமும் சேர்ந்த ‘பயோ மேத்ஸ்’ பிரிவில் சேர்த்தால், கால்நடை மருத்துவம் கைகூடாவிட்டாலும் பொறியியல் கலந்தாய்வுக்கு வழி திறந்தே இருக்கும் என்று சொல்லி, கணிதத்துக்கு அவள் பயந்ததையும் காது கொடுத்துக் கேட்டு, முதல் மூன்று மாதம் மாலையில் கணித ஆசிரியரிடம் உட்கார வைக்க ஏற்பாடும் செய்தார். பள்ளியை மாற்ற வேண்டாம் என்பதையும், அதற்கான காரணத்தையும், நாங்கள் கேட்காமலே சொன்னார்.

இதுவரை சொன்னதை ஒரு நல்ல தனியார் ஆலோசகரும் சொல்லியிருக்க முடியும். தகவலில் உள்ள வேறுபாடு ஒரு தொலைபேசி அழைப்பில் தீர்ந்துவிடும். பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற இலவச எண்ணிலேயே பெரும்பாலானவற்றைக் கேட்டறியலாம். என்னை இரண்டாவது வழியின் பக்கம் சாய வைத்தது தகவல் அன்று. அந்த ஆசிரியை மறுபடியும் மறுபடியும் கேட்டார் என்பதுதான்.

எந்தப் படிப்பு என்ற முடிவை ஒரே நாளில் எடுத்து முடித்துவிட முடிவதில்லை என்பதை இரு பிள்ளைகளுக்குப் பின்தான் உணர்ந்தேன். பதினொன்றின் தொடக்கத்தில் பாடப்பிரிவு. பன்னிரண்டின் நடுவில் எந்தெந்த நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பிப்பது. மே மாதத்தில் சான்றிதழ்கள். ஜூலையில் விருப்பப் பட்டியல். அதன் பின் ஒதுக்கீட்டை ஏற்பதா காத்திருப்பதா. இந்த ஐந்து இடங்களிலும் பிள்ளையின் மனமும் மதிப்பெண்ணும் வீட்டின் பணநிலையும் மாறியிருக்கும். தனியார் அறிக்கை முதல் இடத்தோடு நின்றுவிட்டது. மகனின் பொறியியல் கலந்தாய்வின்போது அந்த மையத்தை அழைத்தோம். புதிதாகக் கட்டணம் செலுத்தினால் மீண்டும் பார்க்கலாம் என்றார்கள். அதை ஏமாற்று என்று நான் சொல்லவில்லை, அவர்கள் விற்றது ஓர் அமர்வு மட்டுமே. ஆனால் எங்கள் குடும்பத்தில் அதுவரை பட்டதாரி யாரும் இல்லாததால் மகனுக்கு முதல் பட்டதாரி கட்டணச் சலுகை உண்டு என்பதை, சான்றிதழ் சரிபார்ப்புக்கு நான்கு நாள் இருக்கும்போது பக்கத்துக் கடைக்காரர் சொல்லித்தான் அறிந்தோம்; இ-சேவை மையத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் அலைந்த அந்த நாள்களை என் மனைவி இன்றும் மறக்கவில்லை.

மகள் விஷயத்தில் ஆசிரியையின் நோட்டுப் பக்கத்தில் அந்த வேலைகள் எல்லாம் தேதியோடு இருந்தன. பன்னிரண்டின் அரையாண்டுத் தேர்வு விடுமுறைக்கு முன்பே சாதிச் சான்றிதழையும் வருமானச் சான்றிதழையும் எடுத்துவரச் சொன்னார். தேர்வு முடிந்ததும், கால்நடை மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்கச் சொல்லி, பள்ளியின் உயர்தொழில்நுட்ப ஆய்வகத்திலேயே விண்ணப்பத்தை நிரப்ப வைத்தார். மதிப்பெண் வந்தபோது கால்நடை மருத்துவத்தின் கட்-ஆஃப் அவளுக்கு எட்டவில்லை. இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாள். மூன்றாம் நாள் ஆசிரியை வீட்டுக்கே அழைத்துப் பேசினார். பாலையும் இறைச்சியையும் பதப்படுத்துவதும் கால்நடையோடு தொடர்புள்ள தொழில்தான் என்று சொல்லி, விருப்பப் பட்டியலில் உணவுத் தொழில்நுட்பத்தை மேலே வைக்கச் செய்தார். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் அவளுக்கு அது கிடைத்தது. கட்டணத்தை அரசு கட்டுகிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கு வருகிறது. ‘பியூர் சயின்ஸ்’ எடுத்திருந்தால் பொறியியல் கலந்தாய்வில் அவளால் கலந்துகொள்ளவே முடிந்திருக்காது.

இந்தத் தொடர்ச்சிக்கு ஆசிரியையின் நல்ல மனம் மட்டும் காரணம் இல்லை. பன்னிரண்டு முடித்த ஒவ்வொரு பிள்ளையும் எந்தக் கல்லூரியில் சேர்ந்தது என்று பள்ளியிடம் கேட்கப்படுகிறது. சேராதவர்களைத் தேடி ‘உயர்வுக்குப் படி’ முகாம்களுக்கு அழைக்கிறார்கள். தேர்ச்சி பெறாதவர்களையும் அங்கே ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் என்று வழிகாட்டுகிறார்கள். பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு ஒருவர் மேல் இருப்பதால்தான் அவர் மறுபடியும் கேட்கிறார். பணம் வாங்கிய மையத்துக்கு அந்தப் பொறுப்பு முக்கால் மணி நேரத்தோடு முடிந்துவிடுகிறது.

இருந்தாலும் சில இடங்களில் என் அனுபவம் மெலிந்தது. நான் பார்த்தது ஒரே பள்ளி, ஒரே ஆசிரியை. வழிகாட்டல் வகுப்பைப் பாடத்துக்கே எடுத்துக்கொள்ளும் பள்ளிகளும் உண்டு என்று உறவினர்கள் சொல்கிறார்கள். இருநூறு பிள்ளைகளுக்கு ஒருவர் என்றால் எல்லார் பக்கத்தையும் அவரால் புரட்ட முடியுமா என்ற கேள்வியும் எனக்கு இருக்கிறது. வடிவமைப்பு, கட்டடக்கலை, வெளிநாட்டுப் படிப்பு போன்றவற்றில் எங்கள் ஆசிரியைக்கே அதிகம் தெரியாது. அதை அவரே வெளிப்படையாகச் சொன்னார். அத்தகைய பிள்ளைகளுக்குத் தனியார் ஆலோசகர் கூடுதல் பயன் தரக்கூடும். தன் விருப்பத்தை வாய் திறந்து சொல்லாத பிள்ளைக்கும், என் மகனுக்கு உதவியதுபோல, நாட்டமறித் தேர்வு உதவலாம். அரசுப் பள்ளியில் படிக்காத பிள்ளைகளுக்கு நான் சொன்ன ஒதுக்கீடும் உதவித்தொகையும் பெரும்பாலும் பொருந்தா என்பதால், அவர்களின் கணக்கு வேறாகத்தான் இருக்கும்.

என் தங்கையின் மகன் இப்போது ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். அவனுக்கு ஒரு நாட்டமறித் தேர்வை இவ்வாண்டே எழுத வைத்து, பள்ளி மாற்றம் போன்ற யோசனை எதையும் மையத்திடம் கேட்காமல், நாட்டத்தைப் பற்றிய பக்கங்களை மட்டும் நகலெடுத்து ஆசிரியையிடம் கொடுப்பது என்று பேசி வைத்திருக்கிறோம். ஆசிரியைக்கு அடுத்த பொது மாறுதலில் வேறு ஊர் கிடைக்கலாம் என்கிறார்கள். அப்படி நேர்ந்தால் அந்த நோட்டு யார் கைக்குப் போகும் என்பதைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் கேட்கப்போகிறேன்.