ட்ரெயிலர் அருமை, ஃபர்னஸ் கொடுமை

காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகும் எங்கள் குட்டி வீடான கேம்பிங் ட்ரெயிலரில், கேஸில் எரிந்து சூடு தரும் ஃபர்னஸ் கெட்டு ரிப்பேர் பில் வந்த அதே வாரத்தில்தான் தெரிந்த பையன் ஒருவன் கேட்டான்: “அண்ணா, சீசன் முடியுதுன்னு டீலர் விலையைக் குறைச்சிருக்கான். உங்களோட மாதிரியே இருபது அடி ட்ரெயிலர். வாங்கிடலாமா?” கேட்ட நேரம் சரியில்லை. பதிலில் கொஞ்சம் எரிச்சல் கலந்திருந்தால் பொறுத்துக்கொள்ளட்டும்.

நீளம், எடை, எத்தனை பேர் படுக்கலாம் என்பதெல்லாம் டீலர் கொடுக்கும் தாளிலேயே இருக்கிறது, அதை விடுவோம். சிகாகோ பக்கமிருந்து நாங்கள் வழக்கமாகப் போவது விஸ்கான்சினில் பாரபூவை ஒட்டிய டெவில்ஸ் லேக் ஸ்டேட் பார்க்குக்கு, அதுவும் அக்டோபரில். இலை நிறம் மாறும் சனி, ஞாயிறுகளில் அங்கே திருவிழாக் கூட்டம். வாரநாளில் போனால் கதையே வேறு. இரண்டு பக்கமும் 500 அடி உயரத்துக்குச் செங்கல் நிறப் பாறை, நடுவில் ஏரி. பாறையின் வயது 160 கோடி ஆண்டுக்கும் மேல். ஏரி அதற்கு நேற்றுப் பிறந்த குழந்தை. கடைசிப் பனியுகத்தில் பனியாறு கொண்டுவந்து கொட்டிய மண்ணும் கல்லும் பள்ளத்தாக்கின் இரு முனைகளையும் அடைத்துவிட, இடையில் தேங்கிய தண்ணீர்தான் அது. காலையில் காற்று குளிர்ந்து தண்ணீர் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும்போது ஏரி முழுக்க ஆவி கிளம்பும். சாப்பாட்டு மேஜையில் காபியோடு உட்கார்ந்து பேசாமல் இருந்துவிட்டு, கிளம்பி ஏரிக்கரைக்கு நடந்தால் போதும். இந்தச் சுகத்துக்கு நான் எதையும் ஈடாகச் சொல்ல மாட்டேன்.

வண்டியையும் குறை சொல்ல முடியாது. கூரை ஒழுகியதில்லை. அடுப்பு நன்றாக எரிகிறது, இட்லிப் பானை தாராளமாக வைக்கலாம். படுக்கை விறைப்பு, ஆனால் முதுகு அதைத்தான் கேட்கிறது. அங்கே கேம்ப் சைட்டில் கரண்ட் மட்டும்தான் உண்டு. தண்ணீரை டாங்கில் பிடித்துக்கொண்டு போக வேண்டும், கழிவைக் கிளம்பும்போது அதற்கான இடத்தில் கொட்ட வேண்டும். இதெல்லாம் இரண்டு தடவையில் பழகிவிடும். விறகு மட்டும் வீட்டிலிருந்து எடுத்துப் போகாதீர்கள். பத்து மைலுக்கு அப்பாலிருந்து, சான்றிதழ் இல்லாத விறகைக் கொண்டுவரத் தடை இருக்கிறது. மரத்தைத் தின்னும் பூச்சி அதோடு பயணம் செய்கிறதாம்.

சரி, ஃபர்னஸ்.

அது வேலை செய்யும்போதே தூங்க விடாது. சூட்டைப் பார்த்து ஃபர்னஸை ஓட்டி நிறுத்தும் தெர்மோஸ்டாட்டில் ‘டிக்’ என்று ஒரு சத்தம். உடனே கட்டிலுக்கு அடியில் காற்றைத் தள்ளும் ப்ளோயர் உறுமத் தொடங்கும். கொஞ்ச நேரம் வெறும் குளிர்காற்று. பிறகு ‘டிக் டிக் டிக்’ என்று பொறி தட்டும், ‘புஸ்’ என்று பற்றும், அதற்கப்புறம்தான் சூடு. கண் அசந்ததும் அணையும், திரும்ப முதலிலிருந்து. ஏரியின் கிழக்குக் கரையில் ரயில் பாதை இருக்கிறது, சரக்கு ரயில் வரும். ரயிலுக்கு நான் எழுந்ததில்லை, இதற்கு எழுகிறேன்.

தெர்மோஸ்டாட்டை எங்கே மாட்டியிருக்கிறார்கள் தெரியுமா? அடுப்புக்குப் பக்கத்தில். சாம்பார் கொதித்தால் வண்டி முழுக்கச் சூடாகிவிட்டது என்று அது முடிவு செய்துவிடும். படுக்கைப் பக்கம் பிள்ளைகள் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருப்பார்கள். “இதை மாட்டினவர் வீட்ல சமைக்கவே மாட்டாங்க போல” என்பாள் மனைவி.

போன அக்டோபரில் ஒரு ராத்திரி ப்ளோயர் ஓடியது, பொறி தட்டவே இல்லை. குளிர்காற்று மட்டும் வந்துகொண்டே இருந்தது. வெளியே உறைநிலை. டெக்னீஷியன் தேதி கொடுக்க வாரக்கணக்கானது, வந்து திறந்து பார்த்ததும் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார்: செயில் ஸ்விட்ச். உள்ளே ஒரு மெல்லிய உலோகத் தகடு. போதுமான காற்று ஓடினால் அது சாய்ந்து சுவிட்சை மூடும், அதன் பிறகுதான் கேஸ் திறக்க அனுமதி. காற்று இல்லாமல் நெருப்பு மட்டும் எரிந்துவிடக் கூடாது என்பதற்கான காவல். நல்ல யோசனைதான். எங்கள் வண்டியில் அந்தத் தகடு அசையாமல் போனதற்குக் காரணம், தொழிற்சாலையில் வண்டியைச் செய்தபோது பெருக்காமல் விட்ட மரத்தூள். ஃபர்னஸ் இழுத்த காற்றோடு இத்தனை வருஷமாக அது கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய் அடைந்திருக்கிறது. உதிரிபாகத்தின் விலை நாலு மசால் தோசை. கூலியைச் சொன்னால் வயிறு எரியும்.

கோபத்தில் ஃபர்னஸையே மறந்துவிட்டு எலக்ட்ரிக் ஹீட்டரோடு காலம் தள்ளலாமே என்று கேட்பீர்கள். ஓரளவுக்கு மேல் முடியாது. அந்த 1500 வாட் ஹீட்டர் அறையைச் சூடாக்கும், தரைக்கு அடியில் ஓடும் தண்ணீர்க் குழாயைச் சூடாக்காது. எங்கள் வண்டியில் ஃபர்னஸின் சூட்டுக் குழாய்தான் அந்த அடிவயிற்றுக்கும் கொஞ்சம் வெப்பம் அனுப்புகிறது. ஹீட்டரால் அறை சூடானால் தெர்மோஸ்டாட் ஃபர்னஸைக் கூப்பிடாது, கீழே குழாய் உறையும். போதாக்குறைக்கு, 30 ஆம்ப் இணைப்பில் ஹீட்டரும் மைக்ரோவேவும் வாட்டர் ஹீட்டரும் சேர்ந்தால் பிரேக்கர் விழும். அடுப்பைப் பற்றவைத்துக் குளிர் காய்வது அதைவிட மோசம். கார்பன் மோனாக்சைடு ஆபத்து ஒருபுறம், சிலிண்டரில் இருக்கும் புரொபேன் கேஸ் ஒரு கிலோ எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கும் மேல் நீராவி வரும் என்பது இன்னொருபுறம். ஃபர்னஸின் புகை வெளியே போய்விடும், அடுப்பின் ஆவி ஜன்னலிலும் மெத்தைக்கு அடியிலும்தான் தங்கும். ஆக, அந்தச் சனியன் இல்லாமல் அக்டோபர் ஓடாது.

நியாயமாகச் சொன்னால், இது எங்கள் வண்டிக்கு மட்டும் உள்ள குறை அல்ல. ட்ரெயிலர் செய்கிறவர்கள் வேறு, ஃபர்னஸ் செய்கிறவர்கள் வேறு. எந்த வண்டியைத் திறந்தாலும் அநேகமாக இதே மாதிரிப் பெட்டிதான் உள்ளே இருக்கும். இருபது பவுண்டு சிலிண்டரில் விடாமல் ஓடினால் இருபது மணி நேரம் சூடு கொடுக்கிறது. அந்த அளவு பெட்டிக்கு அது மோசமில்லை.

ஆனாலும் என் பதில்: வாங்காதே தம்பி. இலை பார்க்க ஒரு வாரம் வாடகைக்கு எடு, ஃபர்னஸ் கெட்டால் வண்டியின் உரிமையாளருக்குத்தான் தலைவலி. “அப்போ நீங்க வித்துடுவீங்களா?” என்று உடனே கேட்டான். அது வேறு விஷயம், அடுத்த அக்டோபருக்கு அங்கே இடம் பதிவு செய்தாகிவிட்டது.

கேட்காமல் வாங்கத்தான் போகிறாய் என்றால், டீலர் ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டுவதை நம்பாதே, அரை மணி நேரம் ஓடவிடச் சொல். படுக்கை ஓரத்தில் போய்ப் படுத்துச் சத்தத்தைக் கேள். அப்புறம் தரையிலுள்ள சூட்டுத்துளை மூடியைக் கழற்றிக் கையை உள்ளே விட்டுப் பார். மரத்தூளோ ஸ்க்ரூவோ வந்தால், அவர்கள் செலவில் சுத்தம் செய்து கொடுத்த பிறகு கையெழுத்துப் போடு.