கொறங்காட்டு மாட்டைப் பிடிக்க இரும்புப் படல்: வாங்கலாமா?

காங்கயம், தாராபுரம், வெள்ளகோவில் பக்கம் கொறங்காடு, அதாவது உயிர்வேலி போட்ட மேய்ச்சல் காடு, வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கட்டுத்தரையில் கயிற்றோடு வளர்ந்த மாட்டுக்கு இந்தச் சாமான் தேவையே இல்லை, கூப்பிட்டால் வந்து நிற்கும். கிளுவை வேலிக்குள்ளேயே பிறந்து, கொழுக்கட்டைப்புல் மேய்ந்து, வெள்வேல் நிழலில் படுத்து, ஆள் கை படாமல் வளர்ந்த கிடாரிகளும் காளைக்கன்றுகளும்தான் பாடு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கோமாரி ஊசி போட வேண்டும், காதில் 12 இலக்க அடையாள வில்லை மாட்ட வேண்டும், சினை பார்க்க வேண்டும். நாலு பேரைக் கூப்பிட்டுத் துரத்தி, மூலையில் மடக்கி, சுருக்குப் போட்டு இழுப்பதுதான் வழக்கம். அதில் வேலி பிய்ந்துபோகும், ஆளுக்கு அடிபடும், அடுத்த தடவை மனித வாடை அடித்தாலே மாடு காட்டின் அந்தக் கோடிக்கு ஓடிவிடும்.

நான் வாங்கியிருப்பது வெல்டிங் பட்டறையில் செய்து தரும் இரும்புக் குழாய்ப் படல் செட். ஆட்டுப்பட்டிப் படல் தெரியுமல்லவா, அதே யோசனைதான். ஒவ்வொன்றும் 10 அடி நீளம், ஐந்தரை அடி உயரம், ஓரத்தில் கம்பி செருகிச் சேர்த்துக்கொள்ளலாம். கூடவே ஒரு கதவு, ஒரு மாடு மட்டும் போகிற மாதிரி ஒடுக்கமான சந்து, சந்தின் முனையில் மாட்டின் கழுத்தைப் பிடித்து நிறுத்தும் கழுத்துப் பூட்டு. இரண்டு பேர் இருந்தால் தூக்கி மாற்றிவிடலாம். தோட்டத்துக்குத் தோட்டம் டிராக்டரில் ஏற்றிப் போவதற்கும் வசதி. இதுவரை ஒரு படல்கூட வளையவில்லை.

குறை சொல்ல வேண்டுமென்றால் முதலில் சத்தம். கம்பி செருகும் வளையம் லூஸாக இருப்பதால் மாடு லேசாக உரசினாலே கணகணவென்று அடிக்கிறது. இரும்பு இரும்போடு மோதும் சத்தம் மாட்டுக்கு ஆகவே ஆகாது. பழைய டிராக்டர் டியூபை வெட்டி வளையங்களில் சுற்றினால் பாதிக்கு மேல் அடங்கிவிடும். அடுத்தது கொம்பு. சந்தின் குழாய் இடைவெளி கொம்பில்லாத சீமை மாட்டை மனதில் வைத்து விட்டது போல இருக்கிறது. காங்கயம் மாட்டுக்குக் கொம்பு விரிந்து பின்னால் வளைந்து போகும், அது தலையைத் திருப்பினால் கொம்பு குழாய்க்குள் மாட்டிக்கொண்டு மாடு பதறும்.

அந்தச் சந்தின் இரண்டு பக்கமும் மறைப்பு அவசியம். அமெரிக்காவில் மாடுகளின் நடத்தையை ஆராயும் விஞ்ஞானி டெம்பிள் கிராண்டின் இதைத்தான் காலங்காலமாகச் சொல்லி வருகிறார், பக்கவாட்டில் ஆள் நடமாட்டம் தெரியாவிட்டால் மாடு பதறாமல் முன்னால் போகும் என்று. தார்ப்பாய் கட்டாதீர்கள், ஆனி ஆடிக் காற்றில் அது படபடவென்று அடித்தால் இருக்கிற மாடும் கலைந்துவிடும். தென்னந்தடுக்கை இறுக்கிக் கட்டினால் போதும், சூப்பராக நிற்கிறது. தரையில் குழாய் நிழல் பட்டை பட்டையாக விழுந்து மாடு தயங்குவதும் அதோடு நின்றுவிடும்.

இனி முக்கியமான விஷயம். படல் வாங்கிப் போட்டவுடன் மாடு உள்ளே வந்துவிடாது. தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிப் படலை நிறுத்திக் கதவைத் திறந்தே விடுங்கள், உள்ளே கொஞ்சம் பருத்திக்கொட்டைப் புண்ணாக்கோ தவிடோ வையுங்கள். அதுவாகப் பழகி உள்ளே போய்வரும் வரை கதவை மூடவே கூடாது. ஓட்டிக்கொண்டு வர வேண்டியிருந்தால் நாயைக் கட்டிப்போட்டுவிட்டு, கத்தாமல், நேர் பின்னால் போகாமல், அது கண்ணில் படுகிற மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மெதுவாக நடங்கள். நேர் பின்னால் அதற்குக் கண் தெரியாது, அங்கே காலடிச் சத்தம் கேட்டால் உதைக்கும் அல்லது பாயும். ஒரு மாட்டை மட்டும் தனியாக விட்டுவிடாதீர்கள், தனியாக மாட்டிக்கொண்ட மாடுதான் ஐந்தரை அடியையும் தாண்டப் பார்க்கும்.

சந்துக்குள் விட்டபின் குச்சியே வேண்டாம். மாட்டின் தலைப்பக்கத்திலிருந்து வால் பக்கமாக, அது போக வேண்டிய திசைக்கு எதிராக, மறைப்புக்கு மேலே நம் தலை அதற்குத் தெரிகிற மாதிரி, ஓரமாக நடந்து பாருங்கள். நாம் அதன் தோளைத் தாண்டியதும் அது தானாக முன்னால் ஓர் அடி எடுத்து வைக்கும். எங்கள் மயிலைக் கிடாரி ஒன்று சந்து வாயில் வந்து அப்படியே நின்றது, இரண்டு காதும் ஒரே பக்கம் விறைத்து நின்றன. பார்த்தால், கழுத்துப் பூட்டில் மஞ்சள் நைலான் கயிற்று நுனி ஒன்று தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. அதை அவிழ்த்து எடுத்ததும் மூக்கால் தரையை முகர்ந்துகொண்டே உள்ளே போய்விட்டது. அடித்து ஓட்டியிருந்தால் அந்த வாயில் அது இனி எந்தக் காலத்திலும் கால் வைத்திருக்காது. ஒருவேளை மிரண்டுவிட்டால் அன்றைக்கு அவசரப்படாதீர்கள், படபடப்பு அடங்க 20 முதல் 30 நிமிடம் ஆகும், அதுவரை எட்டப் போய் உட்காருங்கள். டாக்டரையும் காத்திருக்கச் சொல்லுங்கள், அவருக்கும் அதுதான் நல்லது.

இரண்டு மூன்று மாடு வைத்திருப்பவர்கள் இதில் காசு போட வேண்டியதில்லை, கதவும் சந்தும் மட்டும் வாங்கிக் கட்டுத்தரையோடு சேர்த்துக்கொள்ளலாம். பத்துக்கு மேல் இருந்தால் தாராளமாக வாங்கலாம், நான்கைந்து பேர் கூட்டாகப் போட்டு வாங்கினால் இன்னும் நல்லது. விலை இரும்பு எடையைப் பொறுத்தது, அதனால் அன்றைய ரேட்டைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆர்டர் கொடுக்கும்போது உயரத்தை 6 அடியாகக் கேளுங்கள், சந்துக் குழாய் இடைவெளியை உங்கள் மாட்டுக் கொம்பைப் பார்த்து அளந்து சொல்லுங்கள், குழாய் முனைகளை மழுங்கத் தேய்த்திருக்கிறார்களா என்று கையால் தடவிப் பார்த்தபிறகு வண்டியில் ஏற்றுங்கள்.