"பேரிங் எல்லாம் புதுசு" என்று சொல்லி விற்கும் பழைய அவுட்போர்டு: ஏமாறாதீர்கள்

பழைய டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு (படகின் பின்புறம் மாட்டும் மிஷின்) வாங்கப் போகிறவர்களும், கிராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) வேலைக்கு மிஷினைப் பட்டறையில் விட்டிருப்பவர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடை. அந்த 61 நாளும் ராமநாதபுரம் கரையில் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை கடலுக்குப் போவது நாட்டுப்படகும் வல்லமும்தான். அதற்குள் மிஷின் தயாராக வேண்டும் என்று அவசரப்படும்போதுதான் இந்த ஏமாற்று நடக்கிறது.

ஏமாந்து வாங்கிய மிஷின் 9.9 குதிரைத்திறன், இரண்டு சிலிண்டர், சீமெண்ணெயில் ஓடுவது. மெயின் பேரிங், ராடு பேரிங் எல்லாம் புதுசு, ஃபுல் ரீகண்டிஷன் என்று சொல்லி, பெயிண்ட் அடித்து, ஸ்டிக்கர் ஒட்டி, கம்ப்ரஷன் கேஜ் வைத்துக் காட்டி விற்றார்கள். பில்லில் இருந்தது "பேரிங் செட் மாற்றியது" என்ற ஒரே வரி. பதினோராம் நாள் பாக் விரிகுடாவில் மிஷின் இறுகி நின்றுவிட்டது. இன்னொரு வல்லம் கயிறு போட்டு இழுத்து வந்தது. வாடைக்காற்று நேரத்தில், இலங்கைக் கடல் எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் இது நடந்தால் என்ன ஆகும் என்று இந்தக் கரையில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பட்டறையில் போய்க் கேட்டதற்கு, "நீங்க ஆயில் கம்மியா ஊத்திட்டீங்க" என்று கையை விரித்துவிட்டார்கள்.

ஆயில் குறைந்ததா இல்லையா என்பதை மிஷினைப் பிரித்தாலே தெரிந்துகொள்ளலாம். கலவையில் ஆயில் குறைந்தால் இரண்டு சிலிண்டரும் சேர்ந்தே காயும். இரண்டு பிஸ்டனிலும் கோடு விழும். இதில் மேல் பிஸ்டனில் மட்டும்தான் கோடு. கீழ்ப் பிஸ்டனின் பக்கவாட்டில் ஆயில் பளபளப்பு அப்படியே இருந்தது.

கிராங்க் கேஸைத் திறந்ததும் தெரிந்தவை இவை. மேல் மெயின் பேரிங் உட்காரும் அலுமினிய வளையத்தில், அம்மைத் தழும்பு போல வரிசையாகப் புள்ளிகள். சென்டர் பஞ்ச் வைத்துச் சுத்தியலால் தட்டிய புள்ளிகள். பேரிங்கின் வெளி வளையம் கேஸுக்குள் சுற்றிச் சுற்றி இடம் தேய்ந்துவிட்டால் புதுப் பேரிங் லூசாக இருக்கும். அதைப் பிடிக்க வைக்கத்தான் இந்த வேலை. புள்ளியின் விளிம்பு எழும்பி நின்று பேரிங்கைக் கொஞ்ச நாள் பிடிக்கும். அலுமினியம் மெத்தென்ற உலோகம், சூட்டிலும் அதிர்விலும் புள்ளிகள் நசுங்கிப் போகும். பிறகு பேரிங் பழையபடி சுற்றும், கிராங்க் ஆடும். போதாததற்கு, கேஸ் மூடும் பகுதியில் சிலிக்கான் பேஸ்டைத் தாராளமாகப் பூசியிருந்தார்கள். பேஸ்ட் கனமாக இருந்தால் இரண்டு பாதியும் முழுசாகச் சேராது, பேரிங்கின் பிடி இன்னும் தளரும். உள்ளே பிதுங்கிய பேஸ்ட் ஆயில் போகும் சிறு துளையை அடைத்திருந்தது. ஒரு துண்டு ரீட் வால்வில் (கலவையை உள்ளே விடும் மெல்லிய தகடு) ஒட்டிக் கிடந்தது.

பேரிங் புதுசுதான், அதில் பொய் இல்லை. ஆனால் அது தண்ணீர் பம்பு மோட்டாருக்குப் போடும் ரப்பர் மூடி வைத்த பேரிங். நம்பரின் வாலில் "2ஆர்எஸ்" என்று இருந்தது, "சி3" இல்லை. டூ-ஸ்ட்ரோக்கில் பேரிங்குக்கு உயவு வருவது எரிபொருளோடு கலந்து வரும் ஆயிலிலிருந்து மட்டும்தான். ரப்பர் மூடி அதைத் தடுக்கும். உள்ளே இருக்கும் கிரீஸைப் பெட்ரோலும் சீமெண்ணெயும் கரைத்துக் கொண்டுபோய்விடும். அதன் பிறகு பேரிங் வறட்டு ஓட்டம்தான் ஓடும். சி3 என்பது உள்ளே குண்டுக்கும் வளையத்துக்கும் இடைவெளி சற்று அதிகம் என்பதன் குறி. கிராங்கில் இறுக்கமாக ஏற்றும்போது உள் வளையம் விரியும், சூட்டில் இன்னும் விரியும். சாதாரண இடைவெளிப் பேரிங்கில் அந்த இடம் முழுக்க மூடிக்கொண்டு குண்டுகள் இறுகும். 6205 என்று போட்டிருந்தால் உள் விட்டம் 25, வெளி விட்டம் 52, அகலம் 15 மி.மீ. என்பதை மட்டும்தான் அது சொல்லும். அளவு பொருந்திவிட்டதாலேயே அது உங்கள் மிஷினுக்கான பேரிங் ஆகிவிடாது. பார்ட்ஸ் புத்தகத்தில் உங்கள் மாடலுக்கு என்ன நம்பர், வாலில் என்ன குறி என்பதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

பெரிய மோசடி கீழ் ராடில் இருந்தது. இந்த இடத்தை நன்றாகப் புரிந்துகொண்டால் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது. கனெக்டிங் ராடின் பெரிய முனையில் இருப்பது நீடில் பேரிங். கூண்டும் ரோலர் குச்சிகளும் மட்டுமே அதற்கு உண்டு. உள் வளையம், வெளி வளையம் கிடையாது. ரோலர் நேரடியாகக் கிராங்க் பின்மேல்தான் (ராடு மாட்டும் உருளைத் தண்டு) உருளும், வெளிப்பக்கம் ராடின் துளைச் சுவரில் உருளும். அதாவது பின்னும் ராடும் பேரிங்கின் பாதி. அந்தப் பின்னின் மேல்தோல் மட்டும் கடினப்படுத்தப்பட்டது. உப்புத் தண்ணீர் பட்டுத் துருக்குழி விழுந்தால் அங்கிருந்து தோல் உரியத் தொடங்கும். இந்த மிஷினில் கூண்டு மட்டும் புதுசு, பின் பழசு. எமரித் தாளால் தேய்த்த கோடுகளுக்கு நடுவே கடுகளவு பழுப்புக் குழிகள் தெளிவாகத் தெரிந்தன. குழிமேல் புது ரோலரை ஓட்டினால் ரோலரும் செதில் செதிலாக உரியும். அந்தச் செதில்தான் பிறகு எல்லாவற்றையும் தின்கிறது.

இந்தக் கிராங்க் பல துண்டுகளைப் பிரஸ்ஸில் அழுத்திச் சேர்த்தது. பின்னை மாற்ற அதைப் பிரஸ்ஸில் பிரித்து, திரும்பப் பிரஸ்ஸில் கோத்து, இரு முனையையும் வி-பிளாக்கில் வைத்து டயல் கேஜால் ஓட்டம் (சுற்றும்போது எவ்வளவு கோணலாக ஆடுகிறது என்று) பார்க்க வேண்டும். ஓட்டம் பொதுவாக 0.05 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். சில மாடலுக்கு இன்னும் குறைவு. இதில் 0.18 மி.மீ. இருந்தது. கிராங்கின் வெப் (பின்னைத் தாங்கும் பக்கத் தகடு) ஓரத்தில் இரும்புச் சுத்தியல் பட்ட பள்ளங்கள். கோணலான கிராங்க் ஒவ்வொரு சுற்றுக்கும் மேல் ஆயில் சீலின் உதட்டை அடிக்கும். சீல் வாய் பிளக்கும், வெளிக்காற்று உள்ளே போகும், மேல் சிலிண்டருக்குக் கலவை மெலியும், மேல் பிஸ்டன் காயும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிக் கிராங்க் அறை என்பதால் கீழ்ப் பிஸ்டன் தப்பியது. ஆயில் கம்மி என்ற சாக்கு செல்லாது என்பதற்கு இதுவே சாட்சி.

சரியான வேலை என்றால், ராடு, பின், நீடில் கூண்டு, இரு பக்க வாஷர் நான்கும் ஒரே செட்டாக மாற வேண்டும். மெயின் பேரிங் எல்லாம், மேல் கீழ் ஆயில் சீல், கேஸ்கெட், பிஸ்டன் பின் லாக் எல்லாம் புதுசு. கழற்றிய லாக்கை மறுபடி போடக்கூடாது. சிறு முனையில் கூண்டில்லாத உதிரி ரோலர் உள்ள மாடல் என்றால் கழற்றும்போதே எண்ணி எழுதி வையுங்கள். ஒன்று குறைந்தாலும், பழசும் புதுசும் கலந்தாலும் கெட்டது. பேரிங்கைச் சுத்தியலால் அடித்து ஏற்ற விடாதீர்கள். வெளி வளையத்தில் அடித்தால் அடி குண்டுவழி இறங்கிப் பள்ளம் விழும். ஆயிலில் 100 டிகிரி வரை சூடாக்கினால் வழுக்கி இறங்கும். கேஸ் முன்பாதியும் சிலிண்டர் பிளாக்கும் ஜோடியாகக் கடைந்தவை. வேறு மிஷினின் பாதியைக் கொண்டுவந்து மாட்டினால் துளை வட்டமாக இருக்காது. பேரிங் இடம் தேய்ந்திருந்தால் பிளாக்கை ஜோடியோடு மாற்றுவதுதான் வழி. செலவுதான், ஆனால் பஞ்ச் புள்ளிக்குப் பணம் கொடுப்பது அதைவிடப் பெரிய நட்டம்.

வாங்குமுன் பார்க்க வேண்டியதில் முதலாவது: கம்ப்ரஷன் கேஜை வைத்துப் பேரிங்கை முடிவு செய்யாதீர்கள். அது ரிங், சிலிண்டர், ஹெட் கேஸ்கெட்டைப் பற்றித்தான் சொல்லும். இரண்டு பிளக்கையும் கழற்றிவிட்டு ஃபிளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். மணல் அரைபடுவது போல நறநறத்தால் மெயின் பேரிங் போய்விட்டது. ஃபிளைவீலை இரு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள், அசைவே தெரியக்கூடாது. ஃபிளைவீலின் அடியில், மின்சுருள் (காயில்) உரசிய பளபளப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, பிளக் துளைவழி ஒரு மரக்குச்சியைப் பிஸ்டன்மேல் நிறுத்தி, பிஸ்டன் பாதி வழியில் இருக்கும்போது ஃபிளைவீலை முன்னும் பின்னும் லேசாகத் திருப்புங்கள். ஃபிளைவீல் அசைந்தும் குச்சி அசையாமல் ஒரு கணம் நின்றால் ராடு பேரிங்கில் இடைவெளி. பிளக் முனையில் வெள்ளி மினுக்கு ஒட்டியிருந்தால் அந்த மிஷினை விட்டுவிடுங்கள். அவுட்போர்டில் கிராங்க் செங்குத்தாக நிற்பதால், ஓடாமல் கிடக்கும் மிஷினில் ஆயில் கீழே வடிந்து மேல் பேரிங்தான் முதலில் துருப்பிடிக்கும். "ரெண்டு வருசமா ஓட்டவே இல்ல, புதுசு மாதிரி" என்றால் அதிகம் பயப்பட வேண்டியது அங்கேதான்.

வேலைக்கு விடும்போது பழைய பின், ராடு, பேரிங் எல்லாவற்றையும் கையில் திருப்பித் தரச் சொல்லுங்கள். கேஸ் மூடுமுன் பேரிங் நம்பரையும் டயல் கேஜ் முள்ளையும் போட்டோ எடுங்கள். இதற்குச் சம்மதிக்காத பட்டறையில் மிஷினை இறக்கவே வேண்டாம்.

வேலை முடிந்த மிஷினுக்கு முதல் 10 மணி நேரம் 25க்கு 1 கலவை: 20 லிட்டருக்கு 800 மி.லி. ஆயில். பிறகு 50க்கு 1 ஓடும் மாடல் என்றால் 400 மி.லி. டிசி-டபிள்யூ3 என்று போட்ட கடல் மிஷின் ஆயில்தான், பைக் ஆயில் கூடாது. முதல் 10 நிமிடம் ஸ்லோவில், முதல் ஒரு மணி நேரம் முடியும்வரை பாதி திராட்டிலுக்கு மேல் வேண்டாம். அடுத்த ஒரு மணி முக்கால். மீதி எட்டு மணியில் முழுத் திராட்டிலை 5 நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து பிடிக்காதீர்கள்.

இந்த மிஷினின் கேஸும் பிளாக்கும் இனி உதவாது.  இதேபோலப் பஞ்ச் அடித்த வேறு பிளாக்குகள் துடைத்துக் கழுவி "நல்ல பிளாக்" என்று உதிரியாகவும் விற்பனைக்கு வரும். மேல் பேரிங் இடத்தில் விரல் நுனியால் ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று புள்ளி தட்டுப்பட்டால் வாங்காதீர்கள்.