மீன் உடம்பை உரசுகிறது: கோளாறு தண்ணீரிலா, ஒட்டுண்ணியிலா?

நன்றாக நீந்திக்கொண்டிருந்த மீன் சட்டென்று ஒருபக்கமாகச் சாய்ந்து, கல்லிலோ ஹீட்டரிலோ உடம்பைத் தேய்த்துவிட்டு ஓடுகிறது. நாளுக்கு ஒருமுறை, இருமுறை என்றால் கண்டுகொள்ள வேண்டாம். திரும்பத் திரும்பச் செய்தால் தோலிலோ செவுளிலோ ஏதோ உறுத்துகிறது என்று அர்த்தம். கடையில் போய்ச் சொன்னால் பெரும்பாலும் ஒரு நீல மருந்து பாட்டில் கைக்கு வரும். ஆனால் இந்த ஒரே உரசலுக்கு உரிமை கொண்டாடும் காரணங்கள் குறைந்தது நான்கு: கெட்ட தண்ணீர், வெள்ளைப் புள்ளி, வெல்வெட், செவுள் புழு. கடைசி மூன்றும் ஒட்டுண்ணிகள். நான்குக்கும் வைத்தியம் வேறு வேறு.

முதலில் தண்ணீரையும் ஒட்டுண்ணியையும் பிரித்துவிடலாம். எப்போது தொடங்கியது, எத்தனை மீன் உரசுகிறது என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். தண்ணீர் மாற்றிய சற்று நேரத்தில் தொட்டி முழுக்க உரச ஆரம்பித்தால் அது தண்ணீர்க் கோளாறுதான். ஒட்டுண்ணி அப்படி ஒரே நேரத்தில் எல்லா மீனையும் பிடிக்காது. புது மீன் வந்து சில நாள் கழித்து ஒன்றிரண்டில் தொடங்கி மற்றவற்றுக்கும் பரவும்.

தண்ணீரிலும் இரண்டு வகை உண்டு. குளோரின் உடனே காட்டிவிடும். லாரித் தண்ணீர் இறக்கிய நாளிலும், சம்ப்பில் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிய வாரத்திலும் முதல் சந்தேகம் இதன்மேல்தான் விழ வேண்டும். அம்மோனியா மெதுவாக வரும்: புதுத் தொட்டி, அதிகத் தீனி, ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் பளிச்சென்று அலசியது இவையெல்லாம் அதற்கு வழி. பிஎச் (தண்ணீரின் அமில-கார அளவு) ஏறிய போர் தண்ணீர் வைத்திருப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். சோதனை கிட் காட்டும் மொத்த அம்மோனியா ஒரே அளவாக இருந்தாலும், பிஎச் 7-இல் இருப்பதைவிட 8-இல் அதன் நச்சு வடிவம் ஏறக்குறைய பத்து மடங்கு. சூடு ஏறினால் இன்னும் கூடும். அதனால் நண்பர் தொட்டியில் தாங்கிய அளவு உங்கள் தொட்டியில் தாங்காமல் போகலாம்.

இதைச் சோதிக்க, தண்ணீரில் நனைத்து நிறம் பார்க்கும் ஸ்ட்ரிப் வாங்குவதா, சொட்டு விட்டு நிறம் பார்க்கும் கிட் வாங்குவதா? என் ஓட்டு சொட்டு கிட்டுக்கே. சாதாரண ஸ்ட்ரிப்கள் பலவற்றில் அம்மோனியாவுக்குக் கட்டமே கிடையாது. நமக்கு முதலில் தெரிய வேண்டியதோ அதுதான்.

தண்ணீர்க் கோளாறு என்று தெரியாமல் அந்த நீல மருந்தை, அதாவது மெத்திலீன் புளூவை, ஊற்றினால் என்ன ஆகும்? அம்மோனியாவைத் தின்று தீர்க்கும் ஃபில்டர் பாக்டீரியாவை அது அடிக்கும். அம்மோனியா ஏறும், மீன் இன்னும் உரசும், ‘டோஸ் பத்தலை போல’ என்று நாம் இன்னும் ஊற்றுவோம். நான் மருந்துக்கு முன்னால் தண்ணீரைக் கவனிப்பது இதனால்தான். கால் பங்கு தண்ணீர் மாற்றினால் நான்கில் எதுவாக இருந்தாலும் கெடுதல் இல்லை. ஒரே விதிவிலக்கு, தண்ணீர் மாற்றிய பிறகுதான் உரசல் தொடங்கியது என்றால். அப்போது அதே சம்ப் தண்ணீரை மறுபடி ஊற்றக் கூடாது. ஆன்டி குளோரின் போட்டுவிட்டு ஏர் பம்பைக் கூட்டி வைக்க வேண்டும்.

கிட்டில் அம்மோனியாவும், அதிலிருந்து உண்டாகும் நைட்ரைட்டும் பூஜ்யம், குளோரினுக்கும் வாய்ப்பில்லை, உரசல் மட்டும் நிற்கவில்லை. சரி, இப்போது ஒட்டுண்ணிப் பக்கம் வரலாம்.

வெள்ளைப் புள்ளியும் வெல்வெட்டும் அடிக்கடி குழம்பும் ஜோடி. வெள்ளைப் புள்ளி உப்புக்கல் தூவியதுபோல இருக்கும், ஒவ்வொன்றாக எண்ணலாம். வெல்வெட் எண்ண முடியாத பொடி, பொன்னிறமாகவோ துருநிறமாகவோ படர்ந்திருக்கும். அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சை மீனின் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் அந்தப் பொடி மினுங்கும். நேராக அடித்தால் தெரியாது. வெல்வெட்டில் பொடி கண்ணில் படுவதற்கு முன்பே மீன் வேகமாக மூச்சு வாங்கும், துடுப்பை ஒடுக்கி வைத்துக்கொள்ளும். மீனைக் கொல்வதிலும் அதுவே வேகம்.

கோல்டு ஃபிஷ் வளர்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. செவுள் மூடியிலும் பக்கத் துடுப்பின் முன் முள்ளிலும் மட்டும் வரிசையாக வெள்ளைப் புள்ளி இருந்து, மீன் சுறுசுறுப்பாகத் துரத்தி விளையாடினால் அது நோய் இல்லை. ஆண் மீன் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிட்டது. இதற்கு மருந்து வாங்கியவர்கள் நிறையப் பேர்.

வெள்ளைப் புள்ளிக்கு உப்பும் சூடும் ஒரு வழி, மாலகைட் கிரீன் மருந்து இன்னொரு வழி. இரண்டுமே வேலை செய்யும், ஆனால் எப்போது என்பதுதான் விஷயம். நாம் பார்க்கும் புள்ளி தோலுக்கு அடியில் பதுங்கியிருக்கும் ஒட்டுண்ணி. மருந்து அதைத் தொடாது. முற்றி உதிர்ந்து, அடியில் கூடு கட்டி, நூற்றுக்கணக்கில் பிரிந்து நீந்தி வெளியே வரும் குஞ்சுகள்தான் மருந்தில் சாகும். 25 டிகிரியில் இந்தச் சுற்று ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். குளிரில் வாரக்கணக்கில் இழுக்கும். மூன்றாம் நாள் புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்தினால் அடுத்த படை வந்து ஏறிக்கொள்வது இதனால்தான். சென்னையில் மழைக்காலம் தொடங்கித் தொட்டி குளிரும்போது இது தலைதூக்கும்; மே மாதத்தில் தண்ணீர் தானாகவே 30 டிகிரியில் நிற்கும், அவ்வளவாகத் தொல்லை தராது.

மோலி, கப்பி, ஏஞ்சல் உள்ள தொட்டி என்றால் நான் உப்பும் சூடும்தான் சொல்வேன். லிட்டருக்கு 2 கிராம், அதாவது 50 லிட்டர் தொட்டிக்கு 100 கிராம் கல் உப்பு. கரைத்து, ஒரு நாளில் பிரித்துப் பிரித்து ஊற்ற வேண்டும். அக்வேரியம் சால்ட் என்று விற்கும் பாக்கெட்டிலும் இருப்பது அதே சோடியம் குளோரைடுதான். ஹீட்டரை மெதுவாக 30-க்கு ஏற்றி, கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் சில நாள் விடலாம். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், ஏர் பம்ப் ஓடியே ஆக வேண்டும். கோரிடோராஸ், லோச் மீன்கள் இருந்தால் இவ்வளவு உப்பு ஒத்துக்கொள்ளாது. நிறைய செடி இருந்தாலும் அதே கதை. கோல்டு ஃபிஷ்ஷுக்குச் சூடு ஒத்துக்கொள்ளாது. அங்கெல்லாம் மருந்துதான், அதையும் ஃபில்டரிலிருந்து கார்பனை எடுத்துவிட்டுப் போட வேண்டும். இல்லையென்றால் கார்பனே மருந்தை உறிஞ்சிவிடும்.

வெல்வெட்டுக்கு உப்பை மட்டும் நம்பி உட்கார முடியாது. செம்பு கலந்த மருந்து தேவைப்படும். அது இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும், மென்னீரில் மீனுக்கே ஆபத்து, அதனால் நோயாளியைத் தனித் தொட்டிக்கு மாற்றித்தான் போட வேண்டும். இந்த ஒட்டுண்ணிக்குப் பச்சையம் இருப்பதால் தொட்டியைத் துணியால் மூடி இருட்டாக்குவதும் கொஞ்சம் கைகொடுக்கும்.

புள்ளியும் இல்லை, பொடியும் இல்லை, தண்ணீரும் சுத்தம், ஆனால் வாரக்கணக்கில் உரசல். சில நேரம் ஒரு பக்கச் செவுளை மூடிக்கொண்டு மறுபக்கத்தால் மட்டும் மூச்சு விடுகிறது. இது செவுள் புழுவின் ஜாடை. உறுதி செய்ய மைக்ரோஸ்கோப் வேண்டும், வீட்டில் யாரிடம் இருக்கும்? அதனால் மற்ற மூன்றையும் கழித்துவிட்டுத்தான் இங்கே வந்து சேர முடியும். நீல மருந்து, பச்சை மருந்து எல்லாம் இதற்கு வீண். பிராசிக்வாண்டல் என்ற புழு மருந்தைக் கேட்டு வாங்குங்கள். இதன் உறவான தோல் புழு குட்டி போடும், செவுள் புழுவோ முட்டை இடும். முட்டையை மருந்து கொல்லாது, பொரிந்து வருவதைப் பிடிக்க ஏறக்குறைய ஒரு வாரம் கழித்து இன்னொரு டோஸ் போட வேண்டியிருக்கும்.