‘பார்டர்ல டவர் மாறுது’ என்று சொன்னால் பணம் கொடுத்துவிடாதீர்கள்

கேரளப் பக்கம் அணக்கரையில் எங்களுக்கு ஏலக்காய் ஸ்டோர் இருக்கிறது. வீடு கம்பத்தில். சிறு விவசாயிகள் கொண்டுவரும் பச்சைக்காயை எடை போட்டு உலர்த்திக் கொடுக்கிறோம். எடைக் கணக்கு முழுக்க ஒரு சின்ன சர்வர் மென்பொருளில் ஓடுகிறது. நான்கு பேர் போனிலிருந்தே எடையை ஏற்றுவார்கள். அதில் இருந்த ஒரு பிழையை வைத்து ஒரு சர்வீஸ்காரர் என்னிடம் 28,500 ரூபாய் வாங்கிவிட்டார். வண்டன்மேட்டில் தெரிந்த ஒருவரிடமும் இதே பேச்சைப் பேசியிருக்கிறார் என்று கேள்விப்பட்ட பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஜூனில் பழைய சர்வரை விட்டுப் புதியதற்கு மாறினோம். ஆகஸ்டில் காய் எடுப்பு சூடு பிடித்ததும் தொல்லை ஆரம்பித்தது. சாயங்காலம் ஆறு மணி, ஜீப்பில் மூட்டைகள் வந்து இறங்கும் நேரம். நான்கு போனிலும் ஒரே சமயத்தில் ‘உங்கள் முகவரி தடை செய்யப்பட்டுள்ளது, 30 நிமிடம் கழித்து முயலவும்’ என்று வரும். ஆபீஸ் வைஃபையில் மட்டும் திறக்கும்; எடை போடும் இடம் வரை அது எட்டாது. காய் காத்திருக்காது. அன்றைக்கே டிரையரில் ஏற்றாவிட்டால் பச்சை நிறம் வெளுக்கும், நிறம் போனால் ஏலத்தில் விலையும் போகும். ஐந்து கிலோ பச்சைக்காய்க்கு ஒரு கிலோ உலர்ந்த காய் தேறுவதே பெரிசு. விவசாயி முகத்தைப் பார்த்துக்கொண்டு சீட்டில் கையால் எழுதினோம்.

கீழே டவுனிலிருந்து அந்த சர்வீஸ்காரரைக் கூப்பிட்டேன். போனை வாங்கிப் பார்த்தார். “அண்ணே, உங்க ஆளுங்க தினமும் தமிழ்நாட்டுல இருந்து கேரளாவுக்கு ஏறி வர்றாங்க. பார்டர்ல டவர் மாறுது, ஐபி மாறுது, சர்வர் திருடன்னு நெனச்சு அடைச்சிருது” என்றார். ஐபி என்பது இணையத்தில் போனுக்குக் கிடைக்கும் முகவரி எண். குமுளி ஏறும்போது சிக்னல் விட்டுவிட்டு வருவதை நாங்கள் எல்லோருமே பார்த்திருக்கிறோம். அதனால் நம்பிவிட்டேன். பார்த்ததற்கு 2,500. ‘சர்வர் தாங்கவில்லை’ என்று பெரிய பிளானுக்கு 14,000. கடைசியாக ‘ஸ்டாடிக் ஐபி சிம்’, அதாவது முகவரி மாறாத சிம் என்று நான்கு சிம், 12,000. அதோடு தடை வரவே இல்லை. சரி, ஒழிந்தது என்று இருந்தேன்.

ஆயுத பூஜை லீவுக்கு அக்கா மகள் வந்தாள். கோயம்புத்தூரில் சாஃப்ட்வேர் வேலை. “ஐபி மாறினா எதுக்கு மாமா நாலு பேருக்கும் ஒரே நேரத்துல அடைக்கணும்?” என்று கேட்டாள். எனக்கு அது தோன்றவே இல்லை. அட்மின் பாஸ்வேர்டு அந்த சர்வீஸ்காரரிடம் இருந்தது. மூன்று நாள் விடாமல் போன் போட்ட பிறகுதான் கொடுத்தார். ஆகஸ்ட் மாத லாகை, அதாவது சர்வர் தானே எழுதிவைக்கும் பதிவை, திறந்து காட்டினாள். தடை செய்த முகவரி என்ற இடத்தில் வரிக்கு வரி ஒன்றேதான்:

[2409

ஒரு சதுர அடைப்பு திறந்து மூடாமல் நிற்கிறது. பழைய வகை ஐபி முகவரியில் (ஐபிவி4) நான்கு எண், நடுவில் புள்ளி. பிறகு ஒரு முக்காற்புள்ளி (:), அதன்பின் போர்ட் எண், அதாவது அந்த இணைப்பின் வாசல் எண். போர்ட்டை வெட்டிவிட, முதல் முக்காற்புள்ளி வரை எடுத்தால் போதும் என்று எழுதியவர் நினைத்திருக்கிறார். புதிய வகையான ஐபிவி6 முகவரிக்குள்ளேயே முக்காற்புள்ளி நிறைய வரும். அதனால்தான் போர்ட் சேரும்போது முகவரியைச் சதுர அடைப்புக்குள் போடுவது. இணைய முகவரியை எழுதும் முறைக்கு 2005-இல் வந்த ஆர்எஃப்சி 3986 என்ற விதி ஆவணமும் அதையே சொல்கிறது. எங்கள் ஆட்கள் எல்லோரிடமும் ஜியோ சிம், அதன் ஐபிவி6 முகவரி 2409 என்று தொடங்கும். வெட்டியதும் மிஞ்சுவது எல்லோருக்கும் அதே ‘[2409’. புதுப் பையன் ஒருவன் ஐந்து முறை பாஸ்வேர்டைத் தப்பாகப் போட்டால், மற்ற மூன்று பேருக்கும் சேர்த்துக் கதவு சாத்திவிடும். பழைய சர்வருக்கு ஐபிவி4 மட்டும்தான், அதனால் அதுவரை வெளியே தெரியவில்லை. ஆபீஸ் பிராட்பேண்டும் ஐபிவி4தான், வைஃபையில் திறந்ததும் அதனால்தான். எல்லைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

அப்படியானால் புது சிம் போட்டதும் எப்படிச் சரியானது? சிம் கொடுத்த அன்று சாயங்காலமே, தப்பான பாஸ்வேர்டை எண்ணித் தடுக்கும் பகுதியையே அவர் அணைத்துவைத்திருக்கிறார். மாற்றிய தேதியும் நேரமும் ஃபைலில் அப்படியே இருக்கிறது. சிம்மும் கடையில் வாங்கும் சாதாரண சிம்தான். அன்றிலிருந்து ராத்திரி முழுக்க யார் யாரோ அட்மின் பாஸ்வேர்டை முயன்று பார்த்த வரிகள் லாகில் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. 140 விவசாயிகளின் பாக்கிக் கணக்கு அதற்குள் இருக்கிறது. பணம் போனதைவிட எனக்கு இதுதான் நெஞ்சை அடைத்தது.

அவள் திருத்தியது சில வரிகள். மென்பொருள் ‘கோ’ (Go) என்ற கணினி மொழியில் எழுதியது. முகவரியையும் போர்ட்டையும் சரியாகப் பிரிக்க அந்த மொழியிலேயே ‘ஸ்ப்ளிட்ஹோஸ்ட்போர்ட்’ என்று ஒன்று இருக்கிறதாம், கையால் வெட்டிய இடத்தில் அதைப் போட்டாள். ஐபிவி6-இல் ஒரே போன் தன் முகவரியின் பின்பாதியை மாற்றிக்கொண்டே இருக்கும் என்பதால், முன்பாதியான முதல் 64 பிட்டை வைத்துத் தடுக்கும்படி செய்தாள். தடுப்பைத் திரும்பப் போட்டாள். இரண்டு மணி நேரம்.

உங்கள் ஸ்டோரிலோ கடையிலோ வைஃபையில் திறந்து, மொபைல் டேட்டாவில் எல்லோருக்கும் ஒன்றாக அடைத்தால், பணம் எடுக்கும் முன் லாகில் எந்த முகவரி தடையாகியிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். ‘[2409’ என்றோ, ஏர்டெல் சிம் என்றால் ‘[2401’ என்றோ பாதியில் நின்றால் விஷயம் இதுதான். அட்மின் பாஸ்வேர்டு உங்கள் கையில் இருக்கட்டும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “வேலை செய்யுதுல்ல அண்ணே” என்று சொல்லி வைத்துவிட்டார். பில்லில் ‘நெட்வொர்க் செட்டப்’ என்று ஒரே வரிதான் எழுதியிருக்கிறார். அந்த பில், லாக், ஃபைல் தேதி மூன்றையும் எடுத்துவைத்துக்கொண்டு நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்திருக்கிறேன்.