நுவரெலியாக் குளிரில் வெள்ளைப்புள்ளி: செம்பா, தொட்டி மாற்றமா, உப்புக் குறைப்பா?

பவுடர் ப்ளூ டாங் வாங்கினால் வெள்ளைப்புள்ளி நோயும் கூடவே வரும் என்று கடல்மீன் வளர்ப்பவர்கள் சொல்வது சும்மா இல்லை. என்னுடையது ரெஜிபோம் பெட்டிக்குள் இருந்து ரம்பொடை வளைவுகளைக் கடந்து வந்த பத்தாம் நாளே, செட்டையெல்லாம் உப்புத் தூவியதுபோல ஆகிவிட்டது.

பெரிய தொட்டிக்குள்ளேயே மருந்து ஊற்றும் யோசனையை விட்டுவிடுங்கள். செம்பு இறாலையும் பவளத்தையும் கொல்லும். கல்லும் மணலும் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். எந்த வழிக்கும் தனித் தொட்டி வேண்டும்.

செம்பு நிச்சயமான மருந்துதான். ஆனால் அயனிச் செம்பு லீட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராமுக்குள் நிற்க வேண்டும். குறைந்தால் நோயைத் தரும் ஒட்டுண்ணி தப்பும், கூடினால் மீன் போகும். டாங்குக்கு அது அவ்வளவாக ஒத்தும் வராது. எனக்குத் துணிவு வரவில்லை.

தொட்டி மாற்றத்தில் மருந்தே இல்லை. மீனிலிருந்து உதிர்ந்த ஒட்டுண்ணி அடியில் கூடுகட்டிக் குஞ்சு விடுவதற்குள், 3 நாளுக்கொரு தடவை மீனைப் புதுத் தொட்டிக்கு மாற்றுவது. மொத்தம் 4 தடவை. கொழும்பில் இருந்தால் இதைத்தான் செய்திருப்பேன். இங்கேயோ ஒவ்வொரு தடவையும் உப்புக் கலந்து, பச்சைத் தண்ணீரை 25 பாகைக்குச் சூடாக்க வேண்டும். உப்பு விற்கும் விலைக்கு அது கட்டாது.

ஆகவே உப்புக் குறைப்பு. இரண்டு நாளில் அடர்த்தியை 1.025 இலிருந்து 1.009 வரை இறக்கி, கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் 4 வாரம் வைத்திருந்தேன். உப்பு மிச்சம் என்பது ஒன்று. இன்னொன்று மூச்சு. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம்; காற்றழுத்தம் குறைவென்பதால் தண்ணீரில் கரையும் ஒட்சிசனும் கரையோரத்தைவிட ஏறத்தாழ 20 சதவீதம் குறைவு. செவுளில் ஒட்டுண்ணி ஏறிய மீனுக்கு அது பெரிய இடி. உப்புக் குறைந்த தண்ணீரில் ஒட்சிசன் சற்றுக் கூடுதலாகக் கரையும். (காற்றுப் பம்பு எப்படியும் வேண்டும்.) குறையும் உண்டு: உப்பளவு பார்க்கும் கருவியான ரெஃப்ராக்டோமீட்டர் நல்லதாக இல்லாமல் இறங்கவே கூடாது, பீஎச் விழும்போது அப்பச்சோடா கரைத்துவிட வேண்டும், தாக்குப்பிடிக்கும் ஒட்டுண்ணி வகைகளும் இருக்கின்றன. உப்பைத் திரும்ப ஏற்றும்போது ஒரு வாரமாவது எடுங்கள்.

இதற்கிடையில், அங்கே மிஞ்சிய ஒட்டுண்ணி ஒட்ட மீன் கிடைக்காமல் சாவதற்காக, பெரிய தொட்டி 76 நாள் மீனில்லாமல் கிடக்க வேண்டும். "மீனில்லாத தொட்டிக்கு ஹீட்டர் எதற்கு, கரண்ட் பில்லைப் பார்த்தீர்களா?" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயம்தான். ஆனால் குளிரில் கூட்டுக்குள் இருக்கும் ஒட்டுண்ணி சாகாது. இன்னும் நெடுநாள் உறங்கும். நான் அணைக்கவில்லை.

பெரிய தொட்டியிலிருந்து மீன்களைப் பிடித்த அன்று கோபி என்ற குட்டி மீன் ஒன்றைக் காணவில்லை. நண்டு தின்றிருக்கும் என்று விட்டுவிட்டேன். 31ஆம் நாள் இரவு நத்தை பார்க்க டோர்ச் அடித்தால், கல்லிடுக்கிலிருந்து எட்டிப் பார்க்கிறது. கல்லையெல்லாம் வெளியே எடுத்து அதைப் பிடித்தேன். அப்புறம் 76 நாளும் மறுபடி ஒன்றிலிருந்து.