டோஸ்ட்மாஸ்டர்ஸில் சில ஆண்டுகள்: காலை டூல்பாக்ஸ் மீட்டிங்குக்கு அது என்ன தந்தது

சிங்கப்பூரில் ஒரு கட்டுமானத் தளத்தில் சேஃப்டி கோஆர்டினேட்டராக வேலை பார்க்கிறேன். காலையில் வேலை தொடங்குமுன் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங் என்ற பாதுகாப்புக் கூட்டத்தில் பேசுவதும் என் பொறுப்புதான். எதிரே நிற்பவர்களில் பாதிக்கு மேல் தமிழ்நாட்டுக்காரர்கள். மீதிப்பேர் பங்களாதேஷிலிருந்தும் மியன்மாரிலிருந்தும் வந்தவர்கள். நான் எப்படிப் பேசினாலும் பத்து நிமிடம் நின்று கேட்பார்கள், அது விதி. ஆனால் கேட்டது மேலே சாரத்தில் ஏறும்போது நினைவில் இருக்குமா என்பது என் பேச்சைப் பொறுத்தது. அதற்காகத்தான் ஒரு தமிழ் டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றத்தில் சேர்ந்தேன். சில ஆண்டுகள் தொடர்ந்து போய்வந்த பிறகு, மேடைப் பேச்சின் அடிப்படையைக் கற்க இது எவ்வளவு உதவும், எங்கே உதவாது என்று எழுதலாம் என்று தோன்றியது.

தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். 1924-இல் அமெரிக்காவின் சாண்டா அனா நகரில் ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் தொடங்கிய மேடைப் பேச்சுப் பயிற்சி அமைப்பு இது. வகுப்பு எடுக்க ஆசிரியர் யாரும் கிடையாது. பாடத்திட்டம் இணையத்தில் இருக்கிறது. உறுப்பினர்கள் பேச, மற்ற உறுப்பினர்கள் மதிப்பிடுவார்கள். பல மன்றங்கள் மாதம் இரண்டு முறை, வேலை முடிந்து வரும் மாலை நேரத்தில், சமூக மன்ற அறைகளில் கூடுகின்றன. முதலில் தயாரித்த பேச்சுகள், அப்புறம் டேபிள் டாபிக்ஸ் என்ற திடீர்ப் பேச்சு, கடைசியில் மதிப்பீடு. அமைப்புக்குக் கட்டும் சந்தா ஆறு மாதத்துக்கு 60 அமெரிக்க டாலர், நம் கணக்கில் ஏறக்குறைய 80 வெள்ளி. புதிதாகச் சேரும்போது ஒருமுறை மட்டும் 20 டாலர் கூடுதல். சில மன்றங்கள் அறை வாடகைக்காகத் தனியாகக் கொஞ்சம் வாங்கும்.

முதலில் கை கொடுத்தது நேரக் கட்டுப்பாடு. வழக்கமான பேச்சு ஐந்திலிருந்து ஏழு நிமிடம். ஐந்தாவது நிமிடத்தில் பச்சை, ஆறில் மஞ்சள், ஏழில் சிவப்பு காட்டுவார்கள். சிவப்புக்குப் பிறகு முப்பது விநாடி சலுகை, அவ்வளவுதான். இந்த அளவுக்குள் ஒரு கருத்துக்கு மேல் வைக்க முடியாது. ஹெல்மெட், கையுறை, ஏணி, மின்கம்பி என்று எல்லாவற்றையும் ஒரே காலையில் சொல்லிவிடும் பழக்கம் எங்கள் துறையில் பரவலாக உண்டு. மஞ்சள் அட்டையை அடிக்கடி பார்த்துவிட்டால் அந்தப் பழக்கம் தானாக விலகிவிடும். இன்றைக்கு எது ஒன்று என்று முந்தின நாள் மாலையே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. ‘வந்து’, ‘அதாவது’ என்று இழுப்பதைக் கணக்கெடுத்துச் சொல்லவும் ஒருவர் இருப்பார். முதலில் கூச்சமாக இருக்கும், ஆனால் பலன் சீக்கிரம் தெரியும்.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. தகவல் சொல்லும் பேச்சையும் ஒருவரை இணங்க வைக்கும் பேச்சையும் ஒரே மாதிரி தயாரிக்க முடியாது. கேட்பவருக்கு விஷயம் தெரியாது என்றால் விளக்க வேண்டும். தெரிந்தும் செய்யவில்லை என்றால், எவ்வளவு விளக்கினாலும் எதுவும் மாறாது. எந்தப் பேச்சு எந்த வகை என்று முதலில் பிரித்துப் பார்க்கப் பழகியதுதான் இத்தனை நாளில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம்.

தகவல் பேச்சுக்கு என் உதாரணம் வெயில். வெளிப்புற வேலைகளுக்கான வெப்பப் பாதுகாப்பு நடைமுறையை மனிதவள அமைச்சு 2023 அக்டோபரில் கடுமையாக்கியது. டபிள்யூபிஜிடி என்ற வெப்ப அழுத்த அளவு 32 டிகிரி அல்லது அதற்கு மேல் போனால், கடினமான உடலுழைப்பு வேலையில் இருப்பவர்களுக்கு மணிக்குக் குறைந்தது பத்து நிமிட ஓய்வு நிழலில் தரவேண்டும். தளத்தில் இதைச் சொன்னதும் ஒரு தம்பி கேட்டார்: “அண்ணே, போன்ல 33 காட்டுது, அப்போ ரெஸ்ட் உண்டுதானே?” நியாயமான கேள்வி. கைபேசி காட்டுவது காற்றின் வெப்பம் மட்டும். தளத்தில் வைத்திருக்கும் டபிள்யூபிஜிடி மீட்டர் ஈரப்பதம், வெயிலின் கதிர், காற்றோட்டம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறது. இரண்டும் வேறு வேறு அளவுகள்.

இதையே மன்றத்தில் ஒரு பேச்சாகத் தயாரித்துப் பேசினேன். மதிப்பிட்டவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. “தம்பி, எண்ணை ஏன் முதலில் சொல்கிறீர்கள்? சிங்கப்பூரில் வியர்வை ஏன் காய மாட்டேன் என்கிறது, அதிலிருந்து தொடங்குங்கள்” என்றார். பாடத்திட்டத்தின் முதல் நிலையிலேயே இதற்கென ஒரு பயிற்சி உண்டு: ஒரு பேச்சு பேசி, கருத்து வாங்கி, அதை வைத்துத் திரும்பப் பேச வேண்டும். இரண்டாவது முறை அவர் சொன்னபடி தொடங்கினேன். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது. வியர்வை ஆவியாகாமல் சொட்டிப் போகிறது. ஆவியானால்தான் உடம்பு குளிரும். கேட்பவர்கள் தினமும் சட்டை நனைந்து அனுபவிக்கும் விஷயம் இது. அதைப் புரிந்துகொண்ட பிறகு மீட்டர் ஏன் ஈரப்பதத்தையும் அளக்கிறது என்பது தனியாக விளக்கம் தேவைப்படாமலே விளங்கிவிடுகிறது. தளத்திலும் அதே வரிசையில் சொன்னேன். அதற்குப் பிறகு கைபேசியை நீட்டிக் கேட்பது நின்றது. நேராக மீட்டரைப் போய்ப் பார்க்கிறார்கள்.

உயரத்தில் வேலை செய்யும்போது உடம்பில் மாட்டும் பாதுகாப்புப் பட்டையான ஹார்னஸ் விஷயம் அப்படி இல்லை. மூன்று மீட்டருக்கு மேலிருந்து விழ வாய்ப்புள்ள இடத்தில் வேலை செய்ய முன் அனுமதி வேண்டும் என்பதும், ஹார்னஸிலிருந்து வரும் லான்யார்டு என்ற கயிற்றின் கொக்கியை மாட்டியிருக்க வேண்டும் என்பதும் எல்லாருக்கும் தெரியும். பயிற்சி முடித்த சான்றிதழோடுதான் மேலே ஏறுகிறார்கள். இவர்களிடம் விதியைத் திரும்பச் சொன்னால் காது தானாக மூடிக்கொள்ளும். இங்கேதான் இணங்க வைக்கும் பேச்சு தேவை. இதற்கு மன்றத்தில் நாங்கள் அதிகம் பயன்படுத்தியது, பர்டியூ பல்கலைக்கழகத்தின் ஆலன் மன்ரோ 1930-களில் வகுத்த ஐந்து படி வரிசை: கவனத்தை இழுப்பது, தேவையை உணர்த்துவது, தீர்வைக் காட்டுவது, அது நடந்தால் எப்படியிருக்கும் என்று கண்முன் கொண்டுவருவது, கடைசியில் ஒரு செயலைக் கேட்பது.

என் பேச்சில் தீர்வுப் படிதான் பலவீனமாக இருக்கிறது என்று மன்றத்தில் சொன்னார்கள். அது எப்படித் தெரிந்தது என்றால், உறுப்பினர்களையே தொழிலாளர்களாக இருந்து மறுத்துப் பேசச் சொன்னோம். “ஒரு லான்யார்டை வைத்துக்கொண்டு பீமில் நகர்ந்தால் நாலடிக்கு ஒருமுறை கழற்றி மாட்டணும். கீழே ஃபோர்மேன் கத்துகிறார். நான் என்ன செய்வது?” என்று ஒரு வங்கி ஊழியர் கேட்டார். தளத்துக்கே வராத ஒருவர் கேட்ட அந்தக் கேள்விதான் உண்மையான தடை. பயம் காட்டும் கதைகள் எத்தனை சொன்னாலும் இந்தக் கேள்விக்கு அவற்றில் பதில் இல்லை. பதில் இரட்டை லான்யார்டு: ஒன்றைக் கழற்றும்போது மற்றது மாட்டியே இருக்கும். முதலில் மேலிடத்தில் பேசி அதை வாங்கினோம். ஃபோர்மேனிடம் தனியாகப் பேசினேன். அப்புறம்தான் காலைக் கூட்டத்தில் பேசினேன். முடிவில் ஒரே ஒரு செயலைக் கேட்டேன்: பக்கத்தில் நிற்பவருடைய பக்கிளை இப்போதே தொட்டுப் பாருங்கள். அந்தப் பழக்கம் இன்றுவரை தொடர்கிறது. நான் விடுப்பில் இருக்கும் நாளிலும் செய்கிறார்கள் என்று ஃபோர்மேன் சொன்னபோது மனசு நிறைந்தது.

இனி, மன்றத்தில் கிடைக்காதவை. அங்கே கேட்பவர்கள் எல்லாரும் அன்பானவர்கள். எல்லாப் பேச்சுக்கும் கைதட்டு உண்டு. காலையில் தங்கும் விடுதியிலிருந்து லாரியில் வந்து இறங்கியவர்கள் கைதட்ட மாட்டார்கள். ஜெனரேட்டர் சத்தமும் நிற்காது. அந்தச் சூழலில் பேசும் பழக்கம் தளத்தில் நின்று பேசித்தான் வரும். அரிஸ்டாட்டில் சொன்ன மூன்றில், அதாவது பேசுபவரின் நம்பகம், உணர்ச்சி, தர்க்கம் ஆகியவற்றில், தளத்தில் முதலாவதற்குத்தான் எடை அதிகம். நானும் ஹார்னஸ் மாட்டி மேலே ஏறுகிறவன் என்று பார்த்திருந்தால்தான் கேட்பார்கள். இதை எந்த மன்றமும் கற்றுத்தர முடியாது.

தமிழ் மன்றங்களுக்கே உரிய ஒரு விஷயமும் உண்டு. நமக்குப் பட்டிமன்ற மரபு ரத்தத்தில் இருக்கிறது. அவைத்தலைவர் தொடங்கி ஒவ்வொருவருக்கும் தனித்தனி வணக்கம், அடுக்குமொழி, நடுவில் ஒரு கவிதை. கேட்க எனக்கும் மிகப் பிடிக்கும். அந்த ஓசையில்தான் பலருக்குத் தமிழ் மேல் ஆசையே வருகிறது. ஆனால் ஏழு நிமிடத்தில் ஒரு நிமிடம் வணக்கத்துக்கே போய்விட்டால் தகவல் பேச்சுக்கு இடம் ஏது? புதிதாகச் சேர்பவர்கள் இதை மதிப்பீட்டாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம்: நான் வேலையிடத்தில் பேசப் பழகுகிறேன், அந்தக் கண்ணோடு பாருங்கள் என்று. நான் சொல்லத் தொடங்கிய பிறகு கிடைத்த கருத்துகளின் தரமே மாறியது.

நிறுவனம் அனுப்பிய ஒருநாள் பயிற்சி ஒன்றுக்கும் போயிருக்கிறேன். வரைபடங்களும் வழிமுறைகளும் அங்கே நன்றாகக் கிடைத்தன. ஆனால் நாள் முழுவதும் உட்கார்ந்திருந்தும் எழுந்து பேசக் கிடைத்தது ஒரே ஒரு வாய்ப்பு. அடிப்படையைத் தெரிந்துகொள்ள அது போதும், பழக்கத்துக்கு வராது.

சேர நினைப்பவர்கள் முதலில் விருந்தினராக இரண்டு மூன்று மன்றங்களுக்குப் போய்ப் பாருங்கள். பேச்சுகளைவிட மதிப்பீட்டுப் பகுதியைக் கவனியுங்கள். “அருமை, வாழ்த்துகள்” என்று மட்டும் முடிக்கிறார்களா, இல்லை பேச்சிலிருந்து ஒரு வாக்கியத்தை எடுத்து, இதை இப்படி மாற்றலாம் என்று சொல்கிறார்களா என்று பாருங்கள். இரண்டாவது வகை மன்றம் வீட்டிலிருந்து எம்ஆர்டி ரயிலில் ஒரு மணி நேரம் தள்ளி இருந்தாலும் அங்கேயே சேருங்கள்.